நகையா, அழுகையா? மூளைக் காயமும் காண்போர் தீர்ப்பும்

தெருவில் ஒருவன் கால் தடுமாறி விழுகிறான். கண்டவர்களுள் இரண்டொருவர் சிரிக்கின்றனர். அவன் எழுந்து நிற்கும்போது முழங்காலில் கட்டு இருப்பது தெரிகிறது. உடனே சிரிப்பு அடங்கிவிடுகிறது. சிரித்தவரே ஓடிவந்து கைகொடுக்கின்றார். விழுந்த செயல் மாறவில்லை, விழுந்தவனும் மாறவில்லை. அவன் விழுந்ததற்குக் காண்போர் கற்பித்துக்கொண்ட காரணமே மாறிற்று. கவனமின்மையால் விழுந்தான் என்று எண்ணியவரையில் நகை பிறந்தது. காயத்தால் விழுந்தான் என்று அறிந்ததும் இரக்கம் பிறந்தது.

காயம் காலில் இல்லாமல் மூளையில் இருக்குமாயின் நிலைமை வேறு. மண்டையோட்டின் முறிவு கூடிவிடும், தோல் ஆறிவிடும், வளரும் முடி வடுவை மறைத்துவிடும். அதன்பின் தடுமாறுவது கால் அன்று. சொல்லும் செயலுமே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் காண்பவர்க்குக் கட்டு ஒன்றும் கண்ணில் படுவதில்லை. ஆதலால், ‘இவன் இயல்பே இப்படி’ என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். இந்த முடிவு எவ்வளவு எளிதில் பிறக்கிறது, எவ்வளவு கேடு செய்கிறது என்பதை அமெரிக்க நடிகர் ஒருவரின் தொலைக்காட்சி வாழ்க்கை நன்கு காட்டுகிறது.

மெய்ப்பாட்டு இலக்கணம்

தமிழ் படித்தவர்க்கு இந்தச் சிக்கல் புதியது அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களங்களைக் கூறுகின்றது. பிறரை இகழ்தல், பிள்ளைத்தன்மை, அறிவின்மை, காதில் விழுந்ததை ஆராயாமல் அப்படியே நம்பிவிடும் எளிமை ஆகியன அவை. அழுகைக்கும் நான்கு களங்கள் உண்டு. இழிவும் இழப்பும் வறுமையும் அவற்றுள் மூன்று. எஞ்சிய ஒன்று ‘அசைவு’. பழைய நிலை கெட்டு, வேறொருவராய் ஆகி வருந்துவதே அசைவு என்பது உரையாசிரியர் கருத்து.

மூளைக் காயத்தின் விளைவை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. பழைய நிலை கெடுகின்றது, மனிதன் வேறொருவனாகின்றான், அவனும் அவனைச் சார்ந்தவரும் வருந்துகின்றனர். இலக்கணப்படி இஃது அழுகைக்குரிய களம். ஆயினும் புறத்தே நின்று காண்பவர்க்கு இதே நிலை அறிவின்மையாகவும் பிள்ளைத்தன்மையாகவும் தோன்றுகின்றது. அவர்கள் நகைக்கின்றனர். அசைவைப் பேதைமையாகப் பிறழ உணர்வதே மூளைக் காயத்தைப் பற்றிய பொதுமக்களின் முதற்பிழை.

ஒரு நடிகரின் கதை

கேரி பியூசி 1944ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத் தொலைக்காட்சியில் வேடிக்கை வேடங்கள் பூண்டவர். முரசு கொட்டும் இசைக் கலைஞராகவும் இருந்தவர். 1978ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு படத்தில் பட்டி ஹாலி என்னும் பாடகரின் வேடமேற்று நடித்தார். அந்த நடிப்பு அவரை ஆஸ்கார் பரிசுக்குரியோர் பட்டியலில் ஏற்றியது.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மண்டையோடு உடைந்தது, மூளை காயமுற்றது. வயதில் பெரியவரும் தலைக்கவசம் அணிந்தே ஆகவேண்டும் என்னும் சட்டம் அம்மாநிலத்தில் நடப்புக்கு வந்தது 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான்.

அவர் பிழைத்தார். பிழைத்ததோடு மீண்டும் நடிக்கவும் தொடங்கினார். 1991, 1992ஆம் ஆண்டுகளில் வெளிவந்து நன்றாக ஓடிய ‘பாயிண்ட் பிரேக்’, ‘அண்டர் சீஜ்’ ஆகிய படங்களில் அவரைக் காணலாம். ஊர் நிம்மதி அடைந்தது. நடக்கிறார், பேசுகிறார், வசனத்தை நினைவில் வைத்து நடிக்கிறார். ஆகவே நலமாகிவிட்டார் என்பது உலகத்தின் கணக்கு.

அந்தக் கணக்கு தவறிய இடம் தொலைக்காட்சி. 2003ஆம் ஆண்டு ‘காமெடி சென்ட்ரல்’ நிலையம் ‘ஐ’ம் வித் பியூசி’ என்றொரு தொடரை ஒளிபரப்பியது. அவருடைய விசித்திரமான பேச்சே அதன் சரக்கு. ஒரு சொல்லின் எழுத்துகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் அமைத்து, அதையே அச்சொல்லின் பொருள் என்று கூறுவது அவர் வழக்கம். அதற்கு ‘பியூசியிசம்’ என்று பெயர் வைத்துச் சிரித்தனர்.

2008ஆம் ஆண்டில் ‘செலிப்ரிட்டி ரீஹாப்’ என்னும் நிகழ்ச்சியில் அவர் தோன்றினார். அதில் அவரைக் கண்ட மனநல மருத்துவர் சார்ல்ஸ் சோஃபி, பழைய விபத்தின் விளைவு பிறர் எண்ணியிருந்ததைவிடப் பெரிது என்று ஐயுற்றார். எண்ணத்திற்கும் சொல்லுக்கும் இடையே ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு வடிகட்டி உண்டு. பியூசிக்கு அது நலிந்துவிட்டது, ஆகவே தோன்றியது தோன்றியவாறே சொல்லாகவும் செயலாகவும் வெளிவருகிறது என்று விளக்கினார். மருந்து ஒன்றையும் பரிந்துரைத்தார். பியூசி அதற்கு உடன்பட்டார். விபத்து நடந்து ஏறத்தாழ இருபது ஆண்டு சென்றபின் நிகழ்ந்த உரையாடல் இது.

சந்தையில் விலைபோன விசித்திரம்

காரணம் வெளிப்படையாகக் கூறப்பட்ட பின்பேனும் காண்போர் பார்வை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. 2011ஆம் ஆண்டு என்.பி.சி. நிலையத்தின் ‘செலிப்ரிட்டி அப்ரெண்டிஸ்’ நிகழ்ச்சியில் அவர் போட்டியாளர் ஆனார். பின்னாளில் அமெரிக்க அதிபரான டோனால்ட் டிரம்ப் அதை நடத்தினார். குழுவாகச் சேர்ந்து, குறித்த காலத்தில் ஒரு வேலையை முடிக்கவேண்டும். தோற்ற குழுவில் ஒருவர் வெளியேற்றப்படுவார். பியூசி பேசவேண்டிய பொருளை விட்டு விலகிப் பேசுவதும், குழுவினர் கண்களை உருட்டுவதும், அடுத்த காட்சியில் எவரேனும் தனியே அமர்ந்து அவரைக் கேலி செய்வதும் வாரந்தோறும் வந்தன.

அந்தத் தொடரில் மிகவும் பேசப்பட்ட காட்சி ஒன்று உண்டு. ஓவியம் தீட்டும் ஒரு போட்டியில், தம் வண்ணப் பொருள்களைப் பியூசி எடுத்துக்கொண்டார் என்று கருதிய பாடகர் மீட் லோஃப் கடுஞ்சினம் கொண்டு கூவினார். அடிக்கப் பாயும் நிலைக்கு வந்தார். பிறகு அந்தப் பொருள்கள் அங்கேயே இருந்தது தெரிந்தது. மீட் லோஃப் மன்னிப்புக் கேட்டார். இக்காட்சியில் அடக்கம் இழந்தவர் பியூசி அல்லர். ஆயினும் ஐயம் முதலில் பாய்ந்தது அவர் மேல்தான். ஒருவரைக் கோணலானவர் என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால், காணாமற் போன பொருளுக்கும் அவரே கணக்குச் சொல்லவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

2013ஆம் ஆண்டு அதே நிகழ்ச்சிக்கு அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ‘செலிப்ரிட்டி பிக் பிரதர்’ இல்லத்துள் நுழைந்தார். 1999ஆம் ஆண்டு நெதர்லாந்தில் தோன்றிய ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியின் கிளை அது. தமிழில் 2017ஆம் ஆண்டு தொடங்கிய ‘பிக் பாஸ்’ மற்றொரு கிளை. செப்டம்பர் 12ஆம் நாள், தம் 70ஆம் வயதில், மக்கள் வாக்கால் பியூசி வெற்றி பெற்றார்.

வெற்றி பெற்றதால் அவர் நன்கு மதிக்கப்பட்டார் என்று கொள்ளலாமா? வாக்கு எத்தனை என்று எண்ணலாம். எதற்காக இடப்பட்டது என்று எண்ண முடியாது. ஒருவர் பால் கொண்ட அன்பும், ‘இவர் இருந்தால் பொழுது போகும்’ என்னும் கணக்கும் ஒரே வாக்குப் பெட்டியில் விழுகின்றன.

அந்த இல்லத்தில் இரண்டாம் இடம் பெற்றவரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். அவர் ஆட்லி ஹாரிசன். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற குத்துச்சண்டை வீரர். மறு ஆண்டு, அதாவது 2015இல், மீண்டும் களத்தில் இறங்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார். தலையில் வாங்கிய குத்துகளால் மூளை காயமுற்றிருப்பதையும், பார்வைக் கோளாறு, தலைச்சுற்றல், எரிச்சல் முதலிய தொல்லைகள் தமக்கு உண்டு என்பதையும் அவரே வெளியிட்டார். இறுதி மேடையில் நின்ற இருவரும் மூளையில் காயம் பட்டவர்கள். ஒருவருடைய காயத்தை உலகம் அறிந்திருந்தும் சிரித்தது. மற்றவருடைய காயத்தை அன்று உலகம் அறியவே இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருந்த கருவிகள் இரண்டையும் படம் பிடித்தன, ஒன்றையும் காட்டவில்லை.

மூளையில் நிகழ்வது என்ன?

மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள மென்மையான உறுப்பு. நீர் சூழ்ந்த மண்டையோட்டுள் அது அமைந்துள்ளது. தலை விரைந்து சென்று திடீரென நிற்கும்போது, ஓடு நின்றாலும் உள்ளிருக்கும் மூளை நில்லாமல் நகர்ந்து மோதுகின்றது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடலின் அடிப்புறமும், பொட்டுப் பக்கத்து மடலின் முனையும் அமர்ந்திருக்கும் எலும்புத் தளம் கரடுமுரடானது. ஆதலின் அடி எங்கே பட்டாலும் இவ்விரு பகுதிகளுமே மிகுதியும் உராய்ந்து காயமுறுகின்றன. அன்றியும், மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் முறுக்குண்டு அறுபடுகின்றன. இவ்வகைச் சிதைவு மருத்துவமனையில் எடுக்கும் சாதாரண ஸ்கேன் படத்தில் பலமுறை தென்படுவதே இல்லை.

முன்மடலின் வேலை என்ன என்று கேட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்வது என ஒரு வகையில் விடை கூறலாம். இப்போது பேசவேண்டாம், இவரிடம் இதைச் சொல்லவேண்டாம், இந்தச் சினத்தைக் காட்டவேண்டாம் என்று நொடிதோறும் தடுத்துக்கொண்டே இருப்பது அப்பகுதி. அது நலிந்தால் அறிவு மங்கிவிடும் என்பதில்லை. சொல்வளம் இருக்கும், பழைய நினைவு இருக்கும், தேர்வுத் தாளில் விடையும் எழுதலாம். ஆனால் தடுப்பு இராது. பிடித்த எண்ணத்தையே பிடித்துக்கொண்டிருத்தல், சிறிதளவு இரைச்சலுக்கும் பொறுக்காமை, விரைவில் களைத்துப் போதல், எதிரே இருப்பவர் முகக்குறிப்பை உணராமை என்பனவும் உடன் வரலாம். கொடுமை யாதெனில், தமக்கு இம்மாற்றங்கள் நேர்ந்திருப்பதைப் பாதிக்கப்பட்டவரே பலமுறை அறிவதில்லை. அறியும் கருவியும் காயமுற்ற கருவியும் ஒன்றே அன்றோ!

இனி, ரியாலிட்டி நிகழ்ச்சியின் சூழலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்நியர் கூட்டம், ஓயாத பேச்சு, குறைந்த உறக்கம், நேர நெருக்கடி, திட்டமிட்டு மூட்டப்படும் சச்சரவு ஆகியவையே அதன் உறுப்புகள். மூளையில் காயம் பட்டவர் எவற்றைத் தவிர்க்கவேண்டும் என்று மருத்துவர் பட்டியல் எழுதினால், அந்தப் பட்டியலும் இந்த நிகழ்ச்சியின் அமைப்பும் பெரிதும் ஒத்திருக்கும். பின்னர் பல மணி நேரப் படத்தை வெட்டி ஒரு மணி நேரமாக ஆக்குகின்றனர். ஒருவர் பொருத்தமாகப் பேசிய ஒன்பது இடங்கள் நீங்கி, பொருத்தமின்றிப் பேசிய பத்தாவது இடம் மட்டும் வேடிக்கை இசையோடு நிலைபெறுகின்றது. அதைக் கண்டவர் ‘கண்ணாலேயே பார்த்தோம்’ என்கின்றனர். காட்டியதை ஆராயாமல் மெய்யென்று கொள்வதும் நகைக்குரிய களமாக இலக்கணத்தில் எண்ணப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பொதுமக்கள் நம்பிக்கைகள்

இத்தகைய தவறான எண்ணங்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பது அளந்து பார்க்கப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டு, அதாவது பியூசி விழுந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உளவியலாளர் எடுத்த ஒரு கருத்தாய்வு வெளிவந்தது. பின்னர் நியூயார்க்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும், அதன் பின்னர் பிரிட்டனிலும் இத்தகைய வினாக்கள் கேட்கப்பட்டன. நாடு மாறினும் விடை பெரிதும் மாறவில்லை.

முதல் தவறு, மறந்த நினைவு மற்றோர் அடியால் திரும்பும் என்பது. சிறுபான்மையினரின் மூடநம்பிக்கையாக இது காணப்படவில்லை. கேட்கப்பட்டவர்களுள் கணிசமான பகுதியினர் இதை நம்பினர். உண்மையோ நேர்மாறானது. ஒருமுறை அடிபட்ட மூளை மறுமுறை அடிபடுவதால் மேலும் கெடும். குத்துச்சண்டை வீரர்களிடம் காணும் மூளைச் சிதைவை ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

இரண்டாவது தவறு, நினைவிழந்து கிடப்பது உறக்கம் போன்றது என்பது. திரைப்படத்தில் கதாநாயகன் பல மாதம் கண் மூடிக் கிடப்பான், முகம் வாடாது, ஒரு நாள் கண் விழிப்பான், அடுத்த காட்சியில் பேசுவான். 1970 முதல் 2004 வரை வெளிவந்த 30 படங்களை நரம்பியல் மருத்துவர் ஈல்கோ விஜ்டிக்ஸ் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு எழுதினார். நினைவிழப்பை ஓரளவு சரியாகக் காட்டியவை அவற்றுள் இரண்டே. தமிழ்ப் படங்களும் இதற்கு விலக்கல்ல. 1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ கலைநயத்தில் சிறந்த படம். எனினும், விபத்தில் அடிபட்டவள் குழந்தையாகி, பின் சிகிச்சையால் முழுமையாகப் பழைய நிலை பெற்று, இடைக்கால நிகழ்ச்சியை மட்டும் மறந்துவிடும் அக்கதையை மருத்துவ உண்மை என்று கொள்ளுதல் கூடாது. கலையின் உண்மை வேறு. உடலின் உண்மை வேறு. முன்னதைச் சுவைக்கும் உள்ளம் பின்னதையும் அதிலிருந்தே கற்றுக்கொள்வதால்தான் இடர் விளைகிறது.

மூன்றாவது தவறு, தோற்றம் நலமாயின் உள்ளும் நலம் என்பது. இதனைப் பற்றி நியூசிலாந்து உளவியலாளர் ஜான் மெக்ளூரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி சிந்தனைக்குரியது. பதின்ம வயதினர் ஒருவரின் படத்தைச் சிலரிடம் காட்டினர். சிலருக்குக் காட்டிய படத்தில் தலையில் வடு இருந்தது. சிலருக்குக் காட்டியதில் இல்லை. அவரிடம் காணும் நடத்தை மாற்றங்களுக்குக் காரணம் யாது என்று கேட்டனர். வடுவில்லாத படத்தைக் கண்டவர்கள் அம்மாற்றங்களை வயதுக் கோளாறு என்று கூறுவது மிகுதியாக இருந்தது. வடுவைக் கண்டவர்களிடம் அவ்வாறு கூறுவது குறைந்தது. முழங்கால் கட்டின் கதைதான் இது. ஒரு சிறு கோடு தலையில் தெரிந்தால் நீதி, தெரியாவிட்டால் பழி.

பிறர் தவறுக்கு அவர் குணத்தையே காரணமாக்கி, அவர் இருக்கும் நிலைமையைக் காணாமல் விடும் இப்பழக்கம் மூளைக் காயத்தில் மட்டும் தோன்றுவது அன்று. மனிதர் அனைவரிடமும் காணும் குறை அது. அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977ஆம் ஆண்டில் அதற்கு அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டார். ஆனால் பிறவற்றில் இப்பிழை நாளடைவில் திருந்த வழியுண்டு. வறியவன் ஏன் கடன் கேட்டான் என்பதை அவன் வீட்டைக் கண்டால் அறியலாம். மூளையில் காயம் பட்டவன் ஏன் கூவினான் என்பதைக் காட்டும் வீடு அவன் தலைக்குள் இருக்கிறது.

மறுபுறத் தவறு

இவ்வளவும் கூறியபின், ‘பியூசி செய்தன எல்லாம் காயத்தின் விளைவே’ என்று ஒருவர் முடிவு செய்வாராயின், அவரும் அதே குழியில் மறுபக்கமாக விழுந்தவர் ஆவார். விபத்துக்கு முன்பும் பியூசி வேடிக்கை மனிதரே. டல்சா நகர மேடை அதற்குச் சான்று. போதைப்பொருள் பழக்கமும் அவர் வாழ்வில் இருந்தது. 1995ஆம் ஆண்டு அளவு மீறிய கொக்கேய்னால் உயிரிழக்கும் நிலை எய்தினார். மேலும் அவர் நடிகர். கருவி முன் நிற்கும் நடிகர் எதை இயல்பாகச் செய்கிறார், எதைச் சுவைக்காகச் செய்கிறார் என்பதைப் பிரித்தறிதல் எளிது அன்று. இயல்பு, காயம், பழக்கம், நடிப்பு என்னும் நான்கு இழைகள் ஒரே துணியில் பின்னிக் கிடக்கின்றன. திரையின் முன் அமர்ந்து இந்த இழை இன்னது என்று உருவிக் காட்டுவது மருத்துவரும் செய்யத் துணியாத செயல்.

காயம் எல்லாக் குற்றத்தையும் கழுவிவிடும் நீரும் அன்று. 2022ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தில் இரசிகர் கூடிய ஒரு விழாவில் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக அவர் மேல் குற்றஞ்சாட்டப்பட்டு வழக்கு நடந்தது. பாதிக்கப்பட்டவரின் முறையீட்டைக் கேட்காமல், ‘பாவம், மூளையில் அடிபட்டவர்’ என்று கதவைச் சாத்துவது இரக்கம் ஆகாது. அது மற்றோர் அநீதி. ஏன் நிகழ்ந்தது என்னும் வினாவுக்குக் காயம் விடையின் ஒரு பகுதியாகலாம். தீங்குற்றவர்க்கு என்ன செய்யவேண்டும் என்னும் வினா அதனால் மறைந்துவிடுவதில்லை. காரணம் அறிதல் வேறு, கடமை நீக்குதல் வேறு.

எல்லாவற்றையும் காயத்தின் மேல் ஏற்றுவதில் இன்னொரு கேடும் உண்டு. அடிபட்டவன் அவ்வளவுதான், இனித் தேறமாட்டான் என்னும் தீர்ப்பு அதிலிருந்து பிறக்கின்றது. இதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஃபினியஸ் கேஜ். 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இரயில் பாதைக்காகப் பாறை தகர்க்கும்போது, 3 அடி 7 அங்குல நீளமும் 13¼ இராத்தல் எடையும் கொண்ட இரும்புக் கோல் அவர் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளிவந்தது. அவர் பிழைத்தார். அடக்கமுள்ளவராய் இருந்தவர் முரடராய் மாறினார் என்று அவரைப் பார்த்த மருத்துவர் ஜான் ஹார்லோ எழுதினார். பாடநூல்கள் கதையை அங்கே நிறுத்தி, அவரை என்றும் திருந்தாதவராக்கிவிட்டன. கேஜின் வாழ்வை ஆராய்ந்து மால்கம் மக்மில்லன் 2000ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அவரைப் பற்றிய நேர்ச்சான்றுகள் மிகச் சிலவே என்பதையும், பின்வந்தோர் கூட்டி எழுதியவை பல என்பதையும் அந்நூல் காட்டியது. 1852ஆம் ஆண்டு சிலி நாட்டுக்குச் சென்ற கேஜ், அங்கே பல ஆண்டுகள் குதிரைப் பயண வண்டி ஓட்டினார். குதிரைகளை அடக்கி, நேரம் தவறாமல், பயணிகளோடு பழகிச் செய்யவேண்டிய வேலை அது. 1860ஆம் ஆண்டில் அவர் இறந்தார். மாறினார் என்பதும் உண்மை. ஓரளவேனும் தேறினார் என்பதும் உண்மையாகலாம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாறு அரை வரலாறு.

பார்வையாளர் பொறுப்பு

இந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் செய்த குற்றம் பியூசியை அழைத்தது அன்று. காயமுற்றவருக்கும் தொழில் வேண்டும், மேடை வேண்டும். அவரை ஒதுக்கி வைப்பது அன்பாகாது. அவரும் அறிந்தே சென்றார், ஊதியம் பெற்றார். குற்றம், காரணத்தை அறிந்தும் அதைக் காண்போர்க்கு எடுத்துரைக்காமல், விளைவை மட்டும் வெட்டி ஒட்டி விற்றதில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு மருத்துவர் சொன்னதை 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒவ்வொரு வாரமும் அரை நிமிடம் நினைவூட்டியிருந்தால் போதும். அதே காட்சி வேறு காட்சியாகியிருக்கும். சிரிப்பு முற்றும் நின்றிருக்க வேண்டியதில்லை. பியூசியே சிரிக்க வைக்க விரும்பியவர்தான். ஒருவரோடு சேர்ந்து சிரிப்பதற்கும் ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் இடையே உள்ள கோடு மட்டும் தெளிவாகியிருக்கும்.

புகழ் பெற்ற நடிகருக்கு இதனால் நேர்ந்த இழப்பு சிறிது எனலாம். அவருக்குப் பணம் உண்டு, வழக்கறிஞர் உண்டு, சூழ்ந்து நிற்க ஆட்கள் உண்டு. ஆனால் திரையில் கற்ற தீர்ப்பு திரையோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்கும் வகுப்பறைக்கும் அது நடந்து வருகின்றது. மலேசியாவில் 1973ஆம் ஆண்டு முதலே மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம். இருந்தும், சாலை விபத்தில் மாள்பவருள் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. மாள்பவரை எண்ணுகின்றனர், பிழைத்து வேறொருவராய் வீடு திரும்புபவர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அவர்களுக்கும் தாய் உண்டு, மனைவி உண்டு, முதலாளி உண்டு, ஆசிரியர் உண்டு.

விபத்துக்குப் பின் பள்ளிக்குத் திரும்பிய மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். முன்பு அமைதியாய் இருந்தவன் இப்போது பாடத்தின் நடுவே பேசுகிறான். பதினொரு மணிக்கே மேசைமேல் தலை சாய்க்கிறான். எழுதச் சொன்னால் தொடங்குவதில்லை. சிறு கண்டிப்புக்கும் சீறுகிறான். முடி நன்கு வளர்ந்துவிட்டது. முகத்தில் வடு இல்லை. சோம்பேறி, திமிர் பிடித்தவன், விபத்தைச் சாக்காகக் கொண்டவன் என்னும் மூன்று பெயர்களும் ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றை வழங்குவதற்கு ஒரு நொடி போதும். ‘இவன் முன்பும் இப்படித்தான் இருந்தானா?’ என்று கேட்பதற்கும் ஒரு நொடிதான் ஆகும். அந்த வினாவைக் கேட்டவர், ஒரு வேளைக்கு ஒரு வேலையை மட்டும் கொடுத்துப் பார்ப்பார். இடையிடையே ஓய்வு தருவார். சொன்னதை எழுதியும் தருவார். ஓராண்டு கழிந்தும் அவன் முழுதும் தேறவில்லையே என்று சலிக்கமாட்டார். காயத்திற்குப் பின் முதல் மாதங்களில் விரைந்து வரும் தேற்றம் பிறகு மெல்ல மெல்ல, சில ஆண்டுகள் வரையிலும் வரக்கூடும் என்பதை அறிவார். தவறு செய்தால் கண்டிக்கவும் செய்வார், ஆனால் இழிவுபடுத்தமாட்டார்.

அசைவை அழுகையின் களத்தில் வைத்த இலக்கணம், அழுதுகொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. எது எந்தக் களம் என்று பிரித்தறியவேண்டும் என்றே கற்பித்தது. கட்டுப் போட்ட காலைக் கண்டதும் அடங்கும் சிரிப்பு மனிதப் பண்புக்குச் சான்று. கட்டுத் தெரியாத இடத்திலும், தீர்ப்புக் கூறுமுன் காரணத்தைத் தேடுவதே கற்றவர்க்கு உரிய பண்பு.